பள்ளி நேரத்தில் மாணவர்களுக்குப் பாதுகாப்பாக மருந்து கொடுத்தல்: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய இடைவேளையில், ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இரண்டு மாணவர்களில் ஒருவனுடைய உள்ளங்கையில் மற்றவனுடைய மாத்திரையை வைத்துவிட்டேன். தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது, முழங்கால் சிராய்த்த சிறுமி ஒருத்தி வாசலில் அழுதுகொண்டு நின்றாள். அந்த மாணவன் மாத்திரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என் மாத்திரை மஞ்சளா இருக்கும் டீச்சர், இது வெள்ளையா இருக்கே” என்றான். அவன் சொல்லியிராவிட்டால் அது அவன் வயிற்றுக்குள் போயிருக்கும். இரண்டு மருந்துகளையும் நான் நன்கு அறிவேன். அவற்றின் அளவும் நேரமும் எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தை நம்பி லேபிளைப் படிக்காமல் விட்டதுதான் தவறு. ஆகவே இங்கே சொல்லப்படும் படிகள் எல்லாமே, கொடுப்பவரின் நினைவை நம்பாமல், அவர் கண்ணால் பார்ப்பதையும் கையால் எழுதுவதையும் நம்பி அமைக்கப்பட்டவை.

பள்ளியில் யார் மருந்து கொடுக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. சில இடங்களில் செவிலியர் மட்டுமே கொடுக்கலாம். சில இடங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியரோ அலுவலரோ கொடுக்கலாம். உங்கள் பகுதியின் விதியைத் தெரிந்துகொண்டு, பொறுப்பாளர் ஒருவரையும், அவர் விடுப்பில் இருக்கும் நாளுக்கு மாற்றாள் ஒருவரையும் எழுத்துமூலம் நியமித்துக்கொண்ட பிறகே கீழுள்ளவற்றைத் தொடங்க வேண்டும்.

முதற்படி: பள்ளியில் கொடுத்தே ஆக வேண்டுமா?

பள்ளிக்கு வரும் மருந்துகள் எவ்வளவு குறைகின்றனவோ, தவறுவதற்கான வாய்ப்பும் அவ்வளவு குறைகிறது. நாளுக்கு இரண்டு வேளை மருந்து பெரும்பாலும் பள்ளிக்கு வரத் தேவையில்லை. நாளுக்கு மூன்று வேளை என்று எழுதப்பட்ட ஆன்டிபயாடிக்கைக்கூட, மருத்துவர் சம்மதித்தால், காலையில் கிளம்புமுன், மாலையில் வீடு திரும்பியதும், இரவு படுக்குமுன் எனப் பெரும்பாலும் வீட்டிலேயே கொடுத்து முடித்துவிடலாம். இதைப் பெற்றோரிடம் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலோர் அப்படி ஒரு வழி இருப்பதை அறியாமலேயே மருந்தைப் பள்ளிக்கு எடுத்து வருகிறார்கள்.

பள்ளி நேரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று மிஞ்சுபவை சில உண்டு: ஏறத்தாழ 4 மணி நேரமே வேலை செய்யும் குறுகிய கால மெத்தில்ஃபெனிடேட் போன்ற கவனக்குறைபாட்டு மாத்திரைகள், மதிய உணவுக்கு முன் போடும் இன்சுலின், உணவோடு சேர்த்து விழுங்க வேண்டிய செரிமான நொதிகள், விளையாட்டுக்கு முன் இழுக்கும் இன்ஹேலர், அவசர நேரத்துக்கான மருந்துகள். எதுவாயினும், குழந்தை முன்பு உட்கொண்டிராத மருந்தின் முதல் வேளையைப் பள்ளியில் கொடுக்கக் கூடாது. ஒவ்வாமை வருவதானால், அதைக் கவனிக்கப் பெற்றோர் அருகில் இருக்கும்போதே வரட்டும்.

இரண்டாம் படி: தாள்கள்

மருத்துவரின் எழுத்து உத்தரவும் பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதமும் கையில் இல்லாமல் எந்த மருந்தையும் தொடக் கூடாது. உத்தரவில் மாணவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, மருந்தின் பெயர், ஒரு வேளைக்கான அளவு, கொடுக்கும் வழி, நேரம், எதுவரை கொடுக்க வேண்டும், என்னென்ன பக்கவிளைவுகளைக் கவனிக்க வேண்டும் என்பவை இருக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் ஒவ்வாமை விவரமும், பகலில் உண்மையிலேயே எடுக்கப்படும் இரண்டு தொலைபேசி எண்களும் வேண்டும். நான் படிவத்தை வாங்கும்போதே அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுவது வழக்கம்.

“தேவைப்பட்டால் கொடுக்கவும்” என்ற ஒற்றை வரியை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த அறிகுறி கண்டால் கொடுப்பது, இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம் விட வேண்டும், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை கொடுக்கலாம், கொடுத்தும் தீராவிட்டால் அடுத்து என்ன செய்வது ஆகிய நான்குக்கும் விடை எழுதப்பட்டிருந்தால்தான் அது உத்தரவு. அளவு மாறினால் புதிய தாள் வேண்டும். “டாக்டர் அரை மாத்திரையாகக் குறைக்கச் சொன்னார்” என்று தாய் அனுப்பும் கைபேசிச் செய்தி அதற்கு ஈடாகாது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சளி மருந்து, வைட்டமின், மூலிகைச் சூரணம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

மூன்றாம் படி: மருந்தைப் பெற்றுக்கொள்ளுதல்

மருந்து குழந்தையின் புத்தகப்பையில் வரக் கூடாது. பெரியவர் ஒருவர் நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மருந்துக்கடையின் லேபிள் ஒட்டிய மூலப் புட்டியில் அல்லது மூல அட்டையில் இருக்க வேண்டும். காகிதத்தில் மடித்த நான்கு மாத்திரைகளை, எவ்வளவு தெரிந்த வீட்டாராக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேபிளில் உள்ள பெயர், மருந்து, வலிமை, அளவு ஆகியவற்றை உத்தரவோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, காலாவதி தேதியைப் பார்த்து, மாத்திரைகளைக் கொண்டுவந்தவர் முன்னிலையில் எண்ணி, எண்ணிக்கைக்கு நேரே இருவரும் கையெழுத்திட வேண்டும். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளில் இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு முறை கொடுத்த பின்னும் மீண்டும் எழுத வேண்டும். லேபிளும் உத்தரவும் ஒத்துப்போகவில்லையென்றால் எது சரி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மருந்தாளுநரையோ மருத்துவரையோ கேட்டுத் தெளிந்த பிறகே வாங்கி வையுங்கள்.

நான்காம் படி: வைப்பிடம்

அன்றாட மருந்துகள் பூட்டிய அலமாரியில், ஒவ்வொரு மாணவருக்கும் புகைப்படம் ஒட்டிய தனித்தனி டப்பாவில் இருக்க வேண்டும். குளிரில் வைக்க வேண்டியவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்சாதனப் பெட்டியில், ஊழியர்களின் உணவோடு கலக்காமல் தனிப் பெட்டிக்குள் இருக்கட்டும். வெப்பமானியை நாள்தோறும் பார்த்து எழுதுங்கள். உறைந்துபோன இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது; அதைக் கழித்துவிட வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவை அறை வெப்பத்தில் பொதுவாக 4 வாரம்வரை வைக்கலாம் என்பதால், திறந்த தேதியை அதன்மீதே எழுதி ஒட்டுங்கள்.

அவசர மருந்துகளுக்கு மட்டும் இந்தப் பூட்டு விதி பொருந்தாது. கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசிப்பேனா, இன்ஹேலர், வலிப்புக்கான மருந்து ஆகியவை பூட்டாத, ஆனால் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத, ஊழியர் அனைவரும் அறிந்த இடத்தில் இருக்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் உணவருந்தப் போயிருக்கும் நேரத்தில்தான் குழந்தைக்கு மூச்சு அடைக்கும் என்று எண்ணியே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அட்ரினலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. வெயில் படும் இடத்திலும், நிறுத்தி வைத்த வண்டியிலும் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பேனாவின் கண்ணாடித் துளை வழியே பாருங்கள். மருந்து நிறம் மாறியிருந்தாலோ, உள்ளே துகள் தெரிந்தாலோ புதியதை வரவழைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கொடுக்கும் அந்த இரண்டு நிமிடம்

ஒரு நேரத்தில் ஒரு மாணவர் மட்டுமே அறைக்குள் இருக்க வேண்டும். மற்றவர்கள் வெளியே காத்திருக்கட்டும், தொலைபேசியை வேறொருவர் எடுக்கட்டும். நான்கு பேருக்கான மாத்திரைகளை முன்கூட்டியே நான்கு கிண்ணங்களில் போட்டு வைப்பது வேலையை எளிதாக்குவதுபோல் தோன்றும். ஆனால் கிண்ணத்தில் விழுந்த மாத்திரைக்கு லேபிள் கிடையாது.

கையைக் கழுவிக்கொண்டு, பதிவேட்டில் அந்த மாணவரின் பக்கத்தைத் திறந்து, இன்றைய வேளையை வேறு யாரும் ஏற்கெனவே கொடுத்துவிடவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு அவரையே பேசவிடுங்கள். “நீ இன்னார்தானே?” என்று கேட்டால் கூச்ச சுபாவமுள்ள குழந்தை எந்தப் பெயருக்கும் தலையாட்டும், “உன் முழுப்பெயர் என்ன, பிறந்த நாள் எப்போது?” என்று கேட்டால் அவரே சொல்லியாக வேண்டும். சொல்ல இயலாத குழந்தையைப் புகைப்படத்தைப் பார்த்தும், அவரை அறிந்த ஆசிரியரைக் கேட்டும் உறுதி செய்யுங்கள்.

லேபிளை மூன்று முறை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, அளந்து எடுக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை. ஒவ்வொரு முறையும் உத்தரவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரியான மாணவர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று விரல் வைத்துப் பாருங்கள். மூன்றாவது முறை வீண்போலத் தோன்றும். ஆனால் முதல் இரண்டு முறை கண் எதிர்பார்த்ததையே படித்திருந்தால், அதைப் பிடித்துக் கொடுப்பது மூன்றாவதுதான். அதனால்தான் புட்டியைத் திரும்ப வைத்த பிறகே மருந்தைக் குழந்தையிடம் நீட்ட வேண்டும்.

திரவ மருந்துகளில்தான் அதிகம் சறுக்குகிறது. மில்லிகிராம் என்பது மருந்தின் அளவு. மில்லிலிட்டர் என்பது அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவு. உத்தரவில் 250 மில்லிகிராம் என்று இருந்து, புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்று இருந்தால் 10 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். அதே மருந்தின் இன்னொரு புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தால் 5 மில்லிலிட்டர்தான். வீட்டார் புதிய புட்டி கொண்டுவரும்போது பழைய பழக்கத்தில் 10 என்று அளந்தால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். எனவே எத்தனை மில்லிலிட்டர் என்பதை மருந்தாளுநரே லேபிளில் எழுதித் தரக் கேளுங்கள். பதிவேட்டில் அரை என்பதை 0.5 என்றே எழுதுங்கள், முன்னால் உள்ள சுழியை விடாதீர்கள். ஐந்து என்பதை 5 என்றே எழுதுங்கள், 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கும் நாளில் அது 50 ஆகிவிடும். சமையலறைக் கரண்டியால் அளக்கக் கூடாது. கலங்கல் மருந்தானால் நன்றாகக் குலுக்கி, ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சால் உறிஞ்சி, கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, குமிழி இருந்தால் வெளியேற்றிவிட்டு மீண்டும் அளவு பாருங்கள். குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும்.

மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதை நின்று பார்க்க வேண்டும். நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பும் குழந்தைகள் உண்டு. மெல்ல மெல்ல மருந்தை விடுவிக்கும் வகை மாத்திரைகளையும், குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரைகளையும் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. முதல் வகையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்; இரண்டாம் வகையில் பூச்சு சிதைந்து மருந்து குடலுக்குப் போகுமுன்பே வெளிப்பட்டுவிடும். விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவம் கேட்டு மருத்துவரிடம் எழுதுவதே வழி.

குழந்தை “இது என்னோடது இல்ல” என்றோ “காலையிலேயே அம்மா கொடுத்துட்டாங்க” என்றோ சொன்னால், அடம் பிடிக்கிறது என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுச் சரிபாருங்கள். அன்று என்னைக் காப்பாற்றியது அந்தச் சொல்தான்.

ஆறாம் படி: பதிவு

விழுங்கியதைப் பார்த்த மறுநொடி, தேதி, நேரம், மருந்து, அளவு ஆகியவற்றை மையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுப்பதற்கு முன்பே கையெழுத்திடுவதும், எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மாலையில் மொத்தமாக நிரப்புவதும் கூடாது. அளந்தவர், கொடுத்தவர், கையெழுத்திட்டவர் மூவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். மாணவர் வராவிட்டால் “வரவில்லை”, மறுத்தால் “மறுத்தார்” என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும் அடுத்தவர், மருந்து கொடுக்கப்படவில்லை என்று எண்ணி இரண்டாம் முறை கொடுத்துவிடலாம். பிழையாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்; வெள்ளை மை பூசாதீர்கள்.

ஏழாம் படி: தனிக் கவனம் வேண்டும் மருந்துகள்

இன்ஹேலர். குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் எனப்படும் மூச்சுக்குழலில் (மருந்துத் தூவலைத் தேக்கி இழுக்க உதவும் குழாய்) பொருத்தி ஒரே ஒரு முறை அழுத்தி, நான்கைந்து முறை நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். அடுத்த அழுத்தத்துக்கு முன் அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் குலுக்க வேண்டும். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மருத்துவர் அந்தக் குழந்தைக்கு எழுதித் தந்த திட்டத்தில் உள்ள அளவு கொடுத்தும் தணியாவிட்டாலோ ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை திட்டப்படி தொடருங்கள்.

அட்ரினலின். உணவோ பூச்சிக்கடியோ ஏற்படுத்திய ஒவ்வாமையில் நாக்கு வீக்கம், குரல் கம்மல், இளைப்பு, தொடர் வாந்தி, வெளிறித் துவளுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே போடப்பட வேண்டியது இதுதான். அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. தொடையின் வெளிப்பக்க நடுவில், உடையின் மேலாகவே அழுத்தி, பேனாவில் எழுதியுள்ள நொடிகள்வரை பிடித்திருங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார விடலாம். தேறியதுபோல் தெரிந்தாலும் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால், இரண்டாவது பேனா இருந்தால் அதையும் போடலாம். உணவு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் சேர்ந்துள்ள குழந்தைக்குத் திடீரென்று மூச்சிரைத்தால் அட்ரினலின் முதலில், இன்ஹேலர் பிறகு.

இன்சுலினும் சர்க்கரை குறைதலும். இன்சுலின் அலகுகளை இன்னொருவரும் படித்துச் சரிபார்க்க வேண்டும். உணவு கண்முன் இருப்பதைப் பார்த்த பிறகே போடுங்கள். போட்ட பின் சாப்பாட்டு மணி தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் பேனாவுக்குள்ளேயே ரத்தம் பின்னோக்கி ஏறியிருக்கலாம். வியர்வை, நடுக்கம், காரணமற்ற எரிச்சல், குழப்பம் தெரிந்து, ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால், திட்டத்தில் எழுதிய அளவு, பொதுவாக 15 கிராம், குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அந்தக் குழந்தையை வகுப்பிலிருந்து மருத்துவ அறைக்குத் தனியே நடந்து வரச் சொல்லாதீர்கள். மருந்து அவரிடம் போக வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். பயிற்சி பெற்றவர் இருந்தால், ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் மருந்தைப் போடலாம்.

வலிப்பு. தொடங்கிய நொடியிலேயே கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் எதையும் திணிக்காமல், தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மருத்துவர் குறித்த நேரம், பெரும்பாலும் 5 நிமிடம், கடந்தால், எழுதியுள்ள அவசர மருந்தைக் கொடுத்து, மூச்சைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். கன்னத்தில் விடும் மிடசோலம் என்ற அவசர மருந்து பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே போக வேண்டும்.

பாராசிட்டமால். சாதாரண மருந்து என்பதால்தான் இதில் அதிகக் கவனம் வேண்டும். வீட்டில் காலையில் கொடுத்தார்களா, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரமும், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 வேளையும் என்பது வரம்பு. சளி சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அவற்றையும் கேளுங்கள். ஆஸ்பிரினை மருத்துவரின் உத்தரவு இல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. அது ரை நோய் என்ற அரிய, ஆனால் உயிருக்கு ஆபத்தான பாதிப்போடு தொடர்புடையது.

எட்டாம் படி: தவறு நேர்ந்தால்

வேளை தவறினால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. மறுக்கும் குழந்தையைப் பிடித்து ஊற்றக் கூடாது, தெரியாமல் சோற்றில் கலந்தும் கொடுக்கக் கூடாது. எழுதிவிட்டுப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுத்ததும் வாந்தி எடுத்தால் தானாக மறுபடி கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

தவறான மருந்தோ அளவோ போய்விட்டால், குழந்தையைத் தனியே விடாமல் மூச்சையும் விழிப்பையும் கவனித்தபடி, புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரையோ நச்சு முறிவு ஆலோசனை மையத்தையோ அழைத்து, என்ன, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் முதல் அழைப்பு ஆம்புலன்ஸுக்கு. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லி, நடந்த வரிசையிலேயே எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தவறைத் தெரிவித்தவரைத் தண்டிக்கும் பள்ளியில் அடுத்த தவறு தெரிவிக்கப்படாது, மறைக்கப்படும், அதன் விலையைக் குழந்தைதான் கொடுக்கும். எனக்கு நேர்ந்ததை நான் அன்றே எழுதிக் கொடுத்ததால்தான் அந்த இருவரின் டப்பாக்களும் வெவ்வேறு தட்டுகளுக்குப் போயின; இரண்டிலும் “ஒரே பெயர், கவனம்” என்ற சிவப்புச் சீட்டும் ஒட்டப்பட்டது.

ஒன்பதாம் படி: வெளியே செல்லும் நாட்களும் தாமே வைத்திருக்கும் மாணவர்களும்

சுற்றுலாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மருந்து, உத்தரவின் நகல், பதிவுத்தாள் மூன்றும் பொறுப்பாளரின் கைப்பையில் அவரோடு போக வேண்டும். பேருந்தின் அடியிலுள்ள சாமான் அறையில் அல்ல. வளர்ந்த மாணவர் தம் இன்ஹேலரையோ ஊசிப்பேனாவையோ தாமே வைத்துக்கொள்ள மருத்துவரும் பெற்றோரும் சம்மதித்தால், அவர் அதைச் சரியாகப் பயன்படுத்துவதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுமதியுங்கள். பயன்படுத்தியவுடன் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்த அனுமதியில் அடங்கும். வேறு மாணவர்கள் முன்னிலையில் யாருடைய நோயையும் மருந்தையும் பேசாதீர்கள்.

பத்தாம் படி: ஆண்டு முடிவில்

மிஞ்சிய மருந்தைப் பெற்றோர் வந்து எண்ணி வாங்கிச் செல்ல வேண்டும். அவர்கள் வராவிட்டால் கழிவுத்தொட்டியிலோ சாக்கடையிலோ கொட்டாமல், திரும்பப் பெறும் மருந்துக்கடையில் சாட்சியோடு ஒப்படைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிகளை மூடி போடாமல் அப்படியே கடினப் பெட்டியில் போட்டு, முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். புதிய ஆண்டுக்குப் பழைய உத்தரவு செல்லாது. குழந்தையின் எடை கூடியிருக்கும், அளவு மாறியிருக்கும். டப்பாவில் ஒட்டிய புகைப்படத்தையும் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள், ஏனென்றால் விடுமுறைக்குள் முன்பற்கள் விழுந்து, தலைமுடி வெட்டி, கண்ணாடி அணிந்து வரும் குழந்தையைப் போன ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்ய முடியாது.